லொக்மரியாக்கேரின் உடைந்த நெடுங்கல்: கல்லும் கரையும்

பிரான்சின் வடமேற்கில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் பிரிட்டனியில், லொக்மரியாக்கேர் என்ற கரையோர ஊரில் நான்கு துண்டுகளாகக் கிடக்கும் பெருங்கல்லைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அவ்வளவு பெரிய கல் உண்மையிலேயே எப்போதாவது நின்றதா, நின்றதென்றால் உலோகமே அறியாத மக்கள் அதை எப்படிக் கொண்டுவந்தார்கள், ஏன் கடற்கரையில் நிறுத்தினார்கள், பிறகு எப்படி விழுந்தது என்பன உங்கள் கேள்விகள். இக்கல்லைத் தனித்து நின்ற ஓர் அதிசயமாக மட்டும் பார்த்தால் இவற்றில் எதற்கும் நிறைவான விடை கிடைக்காது என்பது என் கருத்து. அதனருகே வரிசையாக நின்று பின்னர் மறைந்த மற்றக் கற்களையும், அன்றிலிருந்து பல மீட்டர் உயர்ந்துவிட்ட கடலையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான் கல்லின் வரலாறு தெளிவடையத் தொடங்குகிறது. ஆகவே அந்த வழியிலேயே விடை சொல்கிறேன்.

நான்கு துண்டுகளையும் சேர்த்தால் கல்லின் நீளம் ஏறக்குறைய 20.6 மீட்டர். எடை சுமார் 330 டன் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. 280 டன் என்று குறைத்துக் கணக்கிடுவோரும் உண்டு. அடிப்பகுதி மண்ணுக்குள் இறங்கியிருக்கும் என்பதால், நின்ற காலத்தில் தரைக்கு மேல் சுமார் 18 மீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். இன்று பிரிட்டனியில் நின்றுகொண்டிருக்கும் நெடுங்கற்களில் மிக உயரமானதாகச் சொல்லப்படும் கெர்லோவா கல்லின் உயரமே 9.5 மீட்டர்தான். இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சில் உள்ள பெரிய மணற்பாறைக் கற்கள் ஒவ்வொன்றும் சராசரியாக 25 டன் அளவிலானவை; அவை நிறுத்தப்பட்டதோ இதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்பு. லொக்மரியாக்கேர் கல் கி.மு. 4700-ஐ ஒட்டிய காலத்தில், அதாவது புதிய கற்காலத்தில் எழுப்பப்பட்டதாகக் கருதப்படுகிறது. அளவைக் காட்டிலும் என்னை வியக்கவைப்பது அதன் மேற்பரப்பு. பாறையிலிருந்து பெயர்த்தபடியே அதை நட்டுவிடவில்லை. கடினமான கற்சுத்திகளால் கொத்திக் கொத்தி, அதன் பக்கங்களை எல்லாம் சீர்படுத்தி, நுனி நோக்கி ஒடுங்கும் வடிவத்தைக் கொடுத்திருக்கிறார்கள். இழுத்து நிறுத்திய உழைப்புக்கு இணையான உழைப்பு இந்தக் கொத்து வேலையிலும் அடங்கியிருக்கும்.

இங்கே தமிழ் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு தேவைப்படுகிறது. நம் நாட்டில் பெருங்கற்காலம் என்றவுடன் முதுமக்கள் தாழி, கல்வட்டம், கல்திட்டை, அவற்றுடன் கிடைக்கும் இரும்புக் கருவிகள், கறுப்பு சிவப்பு மட்கலங்கள் ஆகியவை நினைவுக்கு வரும். அவை இரும்புக் காலத்தைச் சேர்ந்தவை. பிரிட்டனியின் பெருங்கற்கள் அவற்றுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முற்பட்டவை, அவற்றை எழுப்பியவர்களிடம் செம்புகூட இல்லை. அமைப்பில் ஒற்றுமை இருக்கிறது என்பதற்காக இரண்டையும் ஒரே மரபின் கிளைகளாக இணைத்துப் பேசுவது சரியாகாது.

கல் நின்றதா என்ற முதற்கேள்விக்கு வருகிறேன். நிறுத்த முயன்றபோதே உடைந்து விழுந்திருக்கலாம் என்ற ஐயம் நெடுங்காலம் இருந்தது. துண்டுகள் கிடக்கும் விதம் அந்த ஐயத்துக்கு இடம் தருவதாக இல்லை. அடித்துண்டு ஒரு திசையில் விழுந்திருக்க, மேல்துண்டுகள் மூன்றும் வேறொரு திசையில் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில் கிடக்கின்றன. பாதி உயர்த்திய நிலையில் சரிந்த கல் இப்படிப் பிரிந்து விழாது. அதைவிட வலுவான சான்று 1989-ஆம் ஆண்டை ஒட்டி நடந்த அகழாய்வில் வெளிப்பட்டது. தொல்லியலாளர் ழான் லெல்குவாக் தலைமையில் நடந்த அந்த ஆய்வில், பெருங்கல்லின் அருகிலிருந்து தொடங்கி ஐம்பது மீட்டருக்கும் மேல் நீளும் ஒரே வரிசையில், கற்களை நட்டு வைத்த குழிகள் தெரியவந்தன. அவற்றின் எண்ணிக்கை சுமார் 18. பெருங்கல்லிலிருந்து விலகிச் செல்லச் செல்ல குழிகளின் அளவு குறைகிறது. ஆகவே இங்கே நின்றது ஒற்றைக் கல் அன்று. உயரத்தில் படிப்படியாக இறங்கிச் செல்லும் ஒரு கல்வரிசை, அதன் தலைக்கல்லே இன்று நாம் காண்பது. மற்றக் கற்கள் எங்கே போயின என்ற கேள்வி அப்போதுதான் கூர்மையாக எழுந்தது.

அதற்கு விடையின் ஒரு பகுதி அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்திருந்தது. நெடுங்கல்லுக்கு மிக அருகில் தாப்ல் தே மர்ஷான் என்னும் கல்லறை இருக்கிறது. நடைவழியும் அறையும் கொண்டு, மேலே கற்குவை மூடிய அமைப்பு அது. அதன் அறையின் மேல் மூடுகல்லின் அடிப்புறத்தில், பிடியிட்ட கோடரி ஒன்றும் ஒரு விலங்கின் உடற்பகுதியும் செதுக்கப்பட்டிருக்கின்றன. விலங்கின் உருவம் கல்லின் விளிம்பில் அறுபட்டு நின்றுவிடுகிறது. அது ஏன் அரைகுறையாக விடப்பட்டது என்று யாருக்கும் விளங்கவில்லை. 1980-களின் முற்பகுதியில், சுமார் 4 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கவ்ரினி தீவின் பெருங்கற்குவையை ஆராய்ந்துகொண்டிருந்த ஷார்ல் தாங்கி லெ ரூ, அதன் அறையை மூடியிருந்த கல்லின் மேற்புறத்தில், கற்குவியலுக்குள் யார் கண்ணுக்கும் படாமல் மறைந்திருந்த செதுக்கல்களைக் கண்டார். நீண்ட கொம்புகளை உடைய மாட்டின் உருவமும், அறுபட்டிருந்த மற்ற உருவத்தின் எஞ்சிய பாகமும் அங்கே இருந்தன. இரண்டு கற்களின் உடைந்த விளிம்புகளும் பொருந்தின. சுமார் 14 மீட்டர் நீளமுள்ள ஒரே நெடுங்கல்லைப் பிளந்து, ஒரு துண்டை இங்கேயும் ஒரு துண்டை அங்கேயும் கல்லறைக் கூரையாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பது உறுதியாயிற்று. பக்கத்திலேயே 140 மீட்டர் அளவு நீளும் எர் க்ரா என்ற மேட்டின் மூடுகல் மூன்றாவது துண்டு என்ற கருத்தும் முன்வைக்கப்பட்டது. அதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. முதல் இரண்டு துண்டுகளில் ஐயத்துக்கு இடமில்லை.

பிரிட்டனியின் தொல்லியலில் இதைவிட முக்கியமான கண்டுபிடிப்பு அதிகம் இல்லை என்றே சொல்வேன். கல்லறைகள் எழுவதற்கு முன்பே திறந்த வெளியில் செதுக்கிய நெடுங்கற்கள் நின்ற ஒரு காலம் இருந்தது என்பதையும், பின்வந்த தலைமுறைகள் அவற்றை வேண்டுமென்றே சாய்த்து, பிளந்து, இறந்தோரின் இல்லங்களுக்குள் கொண்டுபோய் வைத்தன என்பதையும் அது காட்டியது. தாப்ல் தே மர்ஷானுக்குள் நுழைந்து உட்சுவருக்கு எதிரே நின்றால், மேய்ப்பன் கோல் போன்ற வளைகோல்கள் வரிசை வரிசையாகப் புடைப்பாகச் செதுக்கப்பட்ட, உச்சி கூம்பிய கல் ஒன்றைக் காணலாம். அதுவும் கல்லறைக்காகச் செய்யப்பட்டதாகத் தெரியவில்லை. முன்பே அங்கு நின்றிருந்த கல்லைச் சுற்றி அறையைக் கட்டியிருக்கிறார்கள்.

விழுந்தது எப்படி என்ற கேள்விக்கும் இதே இடத்திலிருந்துதான் விடை தேட வேண்டியிருக்கிறது. மின்னல் தாக்கியது, நிலநடுக்கம் சாய்த்தது, மனிதர் வீழ்த்தினர் என்ற மூன்று கருத்துகள் உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரிட்டனியின் நீதிமன்றத் தலைவராக இருந்த தெ ரோபியேன் என்பவர் வரைவித்த ஓவியத்தில் கல் இன்றுள்ளபடியே உடைந்து கிடக்கிறது என்பதால், அதற்குப் பிந்திய நிகழ்வாக இருக்க முடியாது. நிலநடுக்கக் கருத்தை எளிதில் தள்ளிவிடவும் இயலாது. தென் பிரிட்டனியில் மிதமான நிலநடுக்கங்கள் இன்றும் நேர்கின்றன. அடித்துண்டு ஒரு பக்கமும் மேல்துண்டுகள் மறுபக்கமுமாகத் திரும்பிக் கிடப்பதை அதிர்வின் முறுக்கலால் விளக்கப் பலர் முயன்றிருக்கிறார்கள். இருந்தாலும், வரிசையிலிருந்த மற்றக் கற்கள் அனைத்தும் குழிகளிலிருந்து நீக்கப்பட்டிருக்க, அவற்றுள் சில கல்லறைகளில் மீண்டும் பயன்பட்டிருக்க, தலைக்கல் மட்டும் தற்செயலாக விழுந்தது என்று நம்புவது எனக்குக் கடினமாக இருக்கிறது. வரிசையைக் கலைத்தவர்களே கி.மு. 4000-ஐ ஒட்டிய காலத்தில் இதையும் சாய்த்திருப்பார்கள், ஆனால் துண்டுகளை எடுத்துச்செல்லவில்லை அல்லது எடுத்துச்செல்லும் அளவுக்கு அவை சிறியவையாக இல்லை என்ற விளக்கமே சான்றுகளுடன் கூடுதலாகப் பொருந்துகிறது. நேரடியாக உறுதிசெய்யும் தடயம் கல்லின் மேல் கிடைக்காதவரை இது வலுவான ஊகம் என்ற நிலையிலேயே நிற்கும்.

இனி, எப்படிக் கொண்டுவந்தார்கள் என்பதைப் பார்ப்போம். இக்கல் உருமாறிய கருங்கல் வகையைச் சேர்ந்தது. லொக்மரியாக்கேரின் தரையில் இருக்கும் பாறை அதுவன்று. லொக்மரியாக்கேரை ஒட்டிய மொர்பியான் வளைகுடாவின் எதிர்ப்புறத்தில், ருயிஸ் தீபகற்பத்தின் பக்கமிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தொலைவைக் கடந்து வந்திருக்கலாம் என்பது பாறை ஆய்வுகள் சுட்டும் திசை. நிலத்தில் இழுப்பதைப் பொறுத்தவரை நமக்கு ஒரு நல்ல ஒப்பீடு இருக்கிறது. 1979-இல் மேற்குப் பிரான்சின் பூகோனில், தொல்லியலாளர் ழான் பியேர் மோஎன் 32 டன் எடையுள்ள செயற்கைக் கல் ஒன்றை மரத்தண்டவாளத்தின் மேல் உருளைகளை வைத்து, கயிறுகளாலும் நெம்புகோல்களாலும் நகர்த்திக் காட்டினார்; அதற்குச் சுமார் 200 பேர் தேவைப்பட்டனர். நம் கல் அதைப்போல் பத்து மடங்கு கனமானது. அப்படியே பெருக்கினால் இரண்டாயிரம் பேர் என்று வரும். ஆனால் இரண்டாயிரம் பேர் ஒரே கல்லைப் பற்றி ஒரே மூச்சில் இழுக்க இடமும் ஒழுங்கும் கயிறும் எவ்வளவு வேண்டும் என்று நினைத்துப் பார்த்தால், வெறும் பெருக்கல் கணக்கு போதாது என்பது புரியும். மாடுகளைப் பூட்டியிருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. அந்த மக்கள் மாடு வளர்த்தவர்கள், கொம்புள்ள மாட்டைக் கல்லில் பெருமையாகச் செதுக்கியவர்கள்.

இடையில் நீர் இருந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ருயிஸிலிருந்து வந்தால் வளைகுடாவின் வாய்க்காலைக் கடக்காமல் லொக்மரியாக்கேரை அடைய முடியாது. அது ஆழமான வாய்க்கால், கடல் தாழ்ந்திருந்த காலத்திலும் அதில் ஆற்றுநீரும் கடல்நீரும் ஓடியிருக்கும். வடக்கே சுற்றிக்கொண்டு வருவதென்றால் தொலைவு பலமடங்காகும், வழியில் ஆறுகளும் குறுக்கிடும். அதனால் தெப்பத்தில் ஏற்றிக் கடந்திருப்பார்கள் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இது முடியுமா என்று எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மிதக்கும் மரம் ஒரு கனமீட்டருக்கு 300 முதல் 400 கிலோ வரை கூடுதல் எடை தாங்கும் என்று கொண்டால், 330 டன்னுக்கு ஏறத்தாழ ஆயிரம் கனமீட்டர் மரம் வேண்டும். கல்லைத் தெப்பத்தின் மேல் ஏற்றாமல் அடியில் நீருக்குள் தொங்கவிட்டால், நீர் தாங்கும் பகுதி போக எஞ்சும் சுமை 200 டன்னைச் சற்றுத் தாண்டும்; மரத்தின் தேவையும் அறுநூறு கனமீட்டர் அளவுக்குக் குறையும். கடல் வற்றும்போது கரையில் கல்லோடு தெப்பத்தைப் பிணைத்துவிட்டால், ஏறிவரும் கடலே அதைத் தூக்கிக்கொடுக்கும். மிகப்பெரிய வேலைதான். ஆனாலும் தலைமுறைகளாகக் கடலின் ஏற்றவற்றத்தைக் கண்டு வாழ்ந்தவர்களுக்கு எட்டாத வேலை என்று சொல்ல மாட்டேன்.

கடலின் ஏற்றவற்றம் அங்கே சாதாரணமானதும் அன்று. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர்மட்ட வேறுபாடு 4 முதல் 5 மீட்டர் வரை போகும். மொர்பியான் வளைகுடா முழுவதும் நிரம்புவதும் வடிவதும் கெர்பெனிர் முனைக்கும் எதிரே உள்ள போர் நவாலோவுக்கும் இடைப்பட்ட, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் அகலமுள்ள வாயில் வழியாகத்தான். அதனால் அந்த வாயிலில் நீரோட்டம் ஆற்று வெள்ளம் போல் சீறும். பாய்மரப் படகுக்காரர்கள் இன்றும் நேரம் பார்த்துத்தான் உள்ளே நுழைகிறார்கள். வரிசையின் தலைக்கல் நின்ற இடம் அந்த வாயிலின் மேற்குக் கரையிலுள்ள நிலமுனை. தெற்கே கிபரோன் விரிகுடாவும் திறந்த அத்திலாந்திக்கும், கிழக்கே வளைகுடாவும், வடக்கே ஓரே (Auray) என்னும் ஆறும் கூடுகிற இடம். எந்தப் பக்கமிருந்து வருபவர் கண்ணுக்கும் 18 மீட்டர்க் கல் தப்பியிருக்காது.

ஆனால் கல் எழுந்தபோது கரைக்கோடு இன்றுள்ள இடத்தில் இல்லை. கி.மு. ஐந்தாம் ஆயிரத்தாண்டில் கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 5 மீட்டரோ அதற்கு மேலோ தாழ்ந்திருந்தது. இன்று தீவுகளாக இருக்கும் பல இடங்கள் அன்று குன்றுகள். வளைகுடாவின் பெரும்பகுதி ஆற்றுப் பள்ளத்தாக்குகளும் சதுப்புகளும் மேய்ச்சல் நிலமும் கலந்த தாழ்நிலம். கவ்ரினியும் அக்காலத்தில் தீவாக இல்லை, நிலத்தோடு சேர்ந்த மேடு. இதை உறுதிசெய்யும் இடம் கவ்ரினிக்குத் தெற்கே உள்ள எர் லன்னிக் என்ற சிறுதீவு. அங்கே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு கல்வளையங்கள் உள்ளன. ஒன்று தீவின் சரிவிலிருந்து நீருக்குள் இறங்குகிறது, மற்றொன்று முழுவதும் கடலுக்குள் இருக்கிறது, நீர் நன்றாக வற்றும்போது மட்டுமே அதன் கற்கள் தலைகாட்டும். 1866-இல் குஸ்தாவ் தெ குளோமாதெக் இதை அறிவித்தார். 1920-களில் அருகிலுள்ள கர்னாக் ஊரைச் சேர்ந்த தொல்லியலாளர் சக்கரி லெ ருசிக் அகழ்ந்து ஆராய்ந்து, நிலத்தில் இருந்த வளையத்தின் சாய்ந்த கற்களை மீண்டும் நிறுத்தினார். கடலுக்குள் கல்வட்டம் அமைக்க எவரும் முனையமாட்டார்கள். அவை நட்டபோது தரை உலர்ந்திருந்தது என்பதே பொருள்.

மேற்கே உள்ள கிபரோன் தீபகற்பத்திலும் இதே கதை. செயின்ட் பியேர் கிபரோனில் கெர்புங்னெக் கல்வரிசை கடற்கரையோடு முடிந்துவிடவில்லை. நீருக்கடியிலும் அது தொடர்வதை செர்ஜ் கசென் தலைமையிலான குழு ஆராய்ந்து காட்டியது. அதே ஊரின் பெத்தி ரோஊ கரையில் 2007-இல் கடல்நீர் ஏறியிறங்கும் பகுதியிலிருந்து பச்சைக்கல்லாலான, பளபளப்பாக மெருகிட்ட கோடரி அலகுகள் வெளிப்பட்டன. அவற்றை இணை இணையாக, வெட்டுவாய் மேல்நோக்கியிருக்கச் செங்குத்தாக நட்டு வைத்திருக்கிறார்கள். யாரோ தவறவிட்ட கருவிகளாக அவை இருக்க முடியாது. நீரும் நிலமும் சந்திக்கும் இடத்தில் வைத்த காணிக்கை என்றே கருத வேண்டியிருக்கிறது.

இந்தக் கோடரிகளின் கல் எங்கிருந்து வந்தது என்பது கரையின் முக்கியத்துவத்தை இன்னும் தெளிவாக்குகிறது. லொக்மரியாக்கேரிலேயே மானே எர் ரோயெக் என்ற மேட்டில் 1863-இல் நூற்றுக்கும் மேற்பட்ட மெருகிட்ட கோடரிகள் கண்டெடுக்கப்பட்டன. கர்னாக்கின் செயின்ட் மிஷேல் மேட்டிலும், வளைகுடா வாயிலின் மறுகரையில் உள்ள துமியாக் மேட்டிலும் அத்தகைய குவியல்கள் கிடைத்தன. அவற்றுள் பச்சைநிற ஜேட் வகைக் கல்லாலானவை, 800 கிலோமீட்டருக்கு அப்பால் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் விசோ சிகரப் பகுதியில், இத்தாலியில் எடுக்கப்பட்டவை என்று பியேர் பெத்ரெக்கேன் குழுவின் ஆய்வுகள் நிறுவியிருக்கின்றன. அவற்றுடன் கிடைத்த பச்சை மணிகளின் கல் ஐபீரியத் தீபகற்பத்திலிருந்து வந்தது. ஆல்ப்ஸிலிருந்து நிலவழி, ஐபீரியாவிலிருந்து பெரும்பாலும் கடல்வழி. இரண்டும் வந்து சேரும் முனை மொர்பியான் கரை. பல கோடரிகள் மரம் வெட்டப் பயன்படாத அளவுக்கு மெலிதாக, நீளமாக மெருகிடப்பட்டவை. உடைமையின் பெருமைக்காகவும் வழிபாட்டுக்காகவும் உருவானவை. இத்தகைய பொருள்களைத் தம்மிடம் வரவழைக்கும் செல்வாக்குள்ள ஒரு கூட்டமே 330 டன் கல்லை நிறுத்த ஆள்சேர்த்திருக்க முடியும்.

கல்லின் மேலேயே கடலின் தடயம் இருக்கக்கூடும். கீழே கிடக்கும் துண்டொன்றின் மேற்பரப்பில், பக்கவாட்டில் வெயில் விழும் வேளையில் மட்டும் மங்கலாகத் தெரியும் செதுக்கல் ஒன்று உண்டு. பழைய ஆய்வாளர்கள் அதைக் கோடரியும் கலப்பையும் கலந்த வடிவம் என்று வழங்கினர். அதே உருவம்தான் தாப்ல் தே மர்ஷான், கவ்ரினி மூடுகற்களில் பிளவுபட்டுக் கிடந்ததும். கசெனும் அவருடன் ஆராய்ந்தோரும் அதை விந்தணுத் திமிங்கிலமாக அடையாளம் காண வேண்டும் என்று வாதிட்டனர்: பருத்த சதுரத் தலை, பின்னால் குறுகும் உடல், மேலெழும் வால், தலையிலிருந்து பீறிடும் மூச்சு. எல்லாரும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. உருவத்தின் விகிதங்களைப் பார்க்கும்போது கலப்பையைவிடத் திமிங்கிலம் பொருந்துகிறது என்பது என் எண்ணம்; அந்தக் காலத்தில் பிரிட்டனியில் கலப்பை உழவு நடந்ததற்கே உறுதியான சான்று இல்லை, கரையில் ஒதுங்கும் திமிங்கிலமோ அம்மக்கள் அறியாததாக இருந்திருக்காது.

கடலோடு அந்நிலத்தவருக்கு இருந்த உறவு இக்கல்லுக்கும் முற்பட்டது. கிபரோனுக்கு அருகிலுள்ள தெவியெக், ஒயெதிக் தீவுகளில் 1928 முதல் 1934 வரை மார்த் பெக்கார், சேன் ஜுஸ்த் பெக்கார் தம்பதியர் அகழ்ந்த கல்லறைகளில், வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்தோரின் எலும்புகள் சிப்பிக் குவியல்களுக்கிடையே, சில இடங்களில் மான்கொம்புகள் மேலே அடுக்கப்பட்டுக் கிடைத்தன. உழவரும் மேய்ப்பரும் கிழக்கிலிருந்து இக்கரையை வந்தடைந்தபோது அந்த வேட்டைக்காரர்கள் ஏற்கெனவே இங்கே இருந்தனர். இரு கூட்டத்தாரும் எப்படி உறவாடினர் என்பது பெரிய விவாதம். அத்தீவுகளின் எலும்புகளில் செய்த மரபணு ஆய்வு, வேட்டையாடியோரின் கூட்டத்தில் உழவரின் மரபுக் கலப்பு இல்லை என்று 2024-இல் அறிவித்தது. 2019-இல் தொல்லியலாளர் பெத்தினா ஷூல்ஸ் பவுல்சன் ஐரோப்பாவெங்கும் உள்ள பெருங்கல் இடங்களிலிருந்து 2,410 கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்புகளைத் தொகுத்து, பெருங்கல் கட்டும் வழக்கம் வடமேற்குப் பிரான்சில் கி.மு. 4500-ஐ ஒட்டித் தோன்றிக் கடல்வழியே பிற கரைகளுக்குப் பரவியது என்று வாதிட்டார். காலக்கணிப்பின் நுணுக்கங்களில் மாற்றுக்கருத்துகள் இருந்தாலும், ஐரோப்பாவின் தொன்மையான பெருங்கற்கள் ஏன் பெரும்பாலும் கடலோரங்களில் செறிந்திருக்கின்றன என்பதற்கு அது நல்ல விளக்கம்.

வானியல் பற்றியும் நீங்கள் படித்திருக்கக்கூடும். ஸ்காட்லாந்துப் பொறியியலாளர் அலெக்சாண்டர் தாம், 1970-களின் தொடக்கத்தில், இக்கல் சந்திரனின் 18.6 ஆண்டுச் சுழற்சியில், அது வடக்கிலும் தெற்கிலும் மிகத் தொலைவாக விலகித் தோன்றும் எல்லை உதயங்களையும் மறைவுகளையும் கிபரோன் விரிகுடாவைச் சுற்றிய பல இடங்களிலிருந்து கணிக்க நட்ட இலக்கு என்று எழுதினார். கவர்ச்சியான கருத்து, சான்று மெலிது. அவர் நோக்கிடங்களாகக் கொண்டவை எல்லாம் ஒரே காலத்தைச் சேர்ந்தவை என்று காட்ட முடியவில்லை, வரிசையின் குழிகள் அவர் எழுதிய காலத்தில் தெரிந்திருக்கவும் இல்லை.

நேரில் போக எண்ணினால், நெடுங்கல்லும் தாப்ல் தே மர்ஷானும் எர் க்ரா மேடும் ஒரே வேலிக்குள் இருக்கின்றன. பிரான்சின் தேசிய நினைவுச்சின்ன மையம் அவற்றைப் பராமரிக்கிறது. மர்ஷான் கல்லறையின் கற்குவை 1990-களில் மீண்டும் கட்டப்பட்டது என்பதை நினைவில் கொள்ளுங்கள். பழைய படங்களில் அது மூடுகல்லும் தாங்குகற்களும் மட்டுமாக வெளியே தெரியும். அங்கிருந்து தெற்கே கடற்கரையில் பியேர் பிளாத் என்ற, வளைந்த நடைவழியுடைய கல்லறை இருக்கிறது. அதன் செதுக்கல்களைக் காணக் கைவிளக்கு வேண்டும். கவ்ரினிக்கு லார்மோர் பாடேனிலிருந்து படகு. அங்கே 14 மீட்டர் நடைவழியின் இருபுறமும் உள்ள 29 கற்களில் 23 செதுக்கப்பட்டவை என்பதால், ஒருநாளில் ஓரிடம்தான் பார்க்க முடியும் என்றால் நெடுங்கல்லைவிடக் கவ்ரினியையே பரிந்துரைப்பேன். எர் லன்னிக்கில் இறங்க அனுமதி இல்லை, அது பறவைகளின் காப்பிடம்; படகிலிருந்து பார்க்கலாம். கடல் வற்றும் நேர அட்டவணையை முன்கூட்டியே பார்த்து, நீர் மிகத் தாழும் நாளைத் தேர்ந்தெடுத்தால்தான் மூழ்கிய வளையத்தின் கற்கள் கண்ணுக்குக் கிட்டும்.

கர்னாக்கையும் மொர்பியான் கரைகளையும் சேர்ந்த 550-க்கும் மேற்பட்ட பெருங்கல் சின்னங்கள் 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. நிலத்தில் உள்ளவற்றுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு நீருக்குள் இருப்பவற்றுக்கும் வேண்டும் என்பது என் ஆசை. கடல்மட்டம் மீண்டும் உயர்ந்துவருகிறது. எர் லன்னிக்கின் சரிவை அலை அரிக்கிறது, கிபரோன் கரையின் வற்றுநீர்ப் பகுதியில் இன்னும் தோண்டப்படாத மண் இருக்கிறது. நெடுங்கல் வரிசை நின்ற காலத்துக் கரைக்கோடு அந்த மண்ணுக்குள்தான் இருக்கிறது என்பதால், கல்லைப் பற்றிய அடுத்த செய்தி நிலத்திலிருந்து வருவதைவிடக் கடலடி ஆய்விலிருந்து வருவதற்கே வாய்ப்பு அதிகம்.